தாய் நாய் குட்டிகளின் ஆயைத் தின்கிறது, இப்போது குட்டிகளும் தின்கின்றன. என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: வீட்டு நாட்டு நாய் முதல் ஈற்றில் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. முதல் நாளிலிருந்தே குட்டிகளின் ஆயைத் தாய் நக்கித் தின்றுவிட்டது. இப்போது ஐந்து வாரம். ஒரு குட்டி போட்டதை இன்னொரு குட்டி தின்கிறது. சத்துக் குறைவு என்கிறார்கள் சிலர். மிளகாய்த்தூள் தூவச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், அடித்து விரட்டச் சொல்கிறார் மாமியார். மூன்று வயது மகன் நாள் முழுக்கக் குட்டிகளோடுதான் இருக்கிறான், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

மிளகாய்த்தூள் டப்பாவை முதலில் அடுப்படியில் திருப்பி வையுங்கள். குட்டிக்கு வாய் எரியும், அவ்வளவுதான். மற்றதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது பார்க்க ஒரே அசிங்கமாகத் தெரிந்தாலும் இரண்டு வேறு விஷயங்கள். தாய் செய்தது அதன் வேலை. குட்டிகள் செய்வது சிறுபிள்ளைத்தனம். இரண்டுக்கும் ஒரே மருந்து தேடினால் இரண்டும் கெடும்.

தாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாய்க்குட்டி அரைவேக்காடாகத்தான் பிறக்கிறது. கண் திறக்க இரண்டு வாரம் ஆகும், காது திறக்க அதற்கும் கொஞ்சம் மேலே. உடம்புச் சூட்டைத் தானாகத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாது. இதெல்லாம் நாய் வளர்ப்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அதனால் தானாக ஒன்றுக்கோ இரண்டுக்கோ போக முடியாது. தாய் வாலுக்கு அடியில் நாக்கால் தடவிக் கொடுத்தால்தான் அந்த இடத்து நரம்பு தூண்டப்பட்டுச் சிறுநீரும் மலமும் வரும். வந்ததை அப்படியே நக்கி விழுங்கிவிடும். நாம் பார்ப்பது விழுங்குவதை மட்டும். அதற்கு முன்னால் நடந்த உயிர் காக்கும் வேலை கண்ணில் படுவதில்லை.

இதை நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ஒரு நாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. சாக்கடைப் பாலத்தடியில் நாலு குட்டி, கண் திறக்காதவை. தூக்கிவந்து, இங்க் ஃபில்லரில் நேரம் தவறாமல் பால் விட்டேன். நன்றாகக் குடித்தன. மறுநாள் வயிறு மத்தளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. பால் செரிக்கவில்லை என்று நினைத்து ஓமவாட்டர் கொடுத்த மேதாவி நான். அன்று சாயங்காலம் ஒன்று போய்விட்டது. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "பால ஊத்துற, சரி. ஒண்ணுக்குப் போக விட்டியாப்பா?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு குட்டியைக் கையில் கவிழ்த்துப் பிடித்து, வாலுக்குக் கீழே தாய் நக்குகிற மாதிரி மெல்லத் தடவினார். அரை நிமிஷத்தில் பீச்சிக்கொண்டு வந்தது பாருங்கள், என் சட்டை முழுக்க. மிச்ச மூன்றும் பிழைத்தன. தாயில்லாக் குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் இதைச் செய்யுங்கள். பால் கொடுப்பது பாதி வேலைதான்.

சரி, தூண்டிவிடட்டும், விழுங்குவானேன்? அள்ளிக்கொண்டுபோய் வெளியே போட நாய்க்குக் கையா இருக்கிறது? இருப்பது வாய் ஒன்றுதான். அந்தப் படுக்கையில் ஈரமும் ஈயும் சேர்ந்தால் குட்டிகளுக்குச் சளி, புண், புழு. காட்டில் என்றால் இன்னொன்றும் சேரும்: குகையிலிருந்து எழும் நாற்றம் எதிரி விலங்குக்கு முகவரி கொடுத்த மாதிரி. நாயின் மூதாதையான ஓநாயும் தன் குட்டிகளுக்கு இதையேதான் செய்கிறது. பிரசவத்தன்று நஞ்சுக்கொடியைத் தின்று, ரத்தத்தை நக்கித் துடைத்ததே, அந்தச் சுத்தத்தின் தொடர்ச்சிதான் இது.

இதில் ஒரு தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். ஆஸ்திரேலியாவின் டிங்கோ என்ற காட்டு நாயை வைத்து 1975ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பாலாகத் தாய் வெளியே விட்ட தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குட்டிகளின் கழிவை நக்குவது வழியாகவே தாயின் உடம்புக்குத் திரும்பிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். தண்ணீருக்கு அலைய வேண்டிய வறண்ட பூமியில், குட்டிகளை விட்டு நகர முடியாத தாய்க்கு இது எவ்வளவு பெரிய சேமிப்பு! உங்கள் வீட்டுத் தாய்க்குச் சட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை. (பால் கொடுக்கும் நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி காலியாக இருக்கவே கூடாது, அது தனி.)

பால் மட்டும் குடிக்கும் குட்டியின் மலம் நமக்கு அசிங்கம், தாய்க்கு அப்படி இல்லை. மூன்று நாலு வாரத்தில் குட்டிகள் சோறும் கறியும் தின்னத் தொடங்கியதும் மலத்தின் அளவு கூடும், வாசனை மாறும். அந்த நேரத்தில் குட்டிகளும் தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு வெளியே வந்து இருக்கப் பழகும். தாய் மெல்ல மெல்ல இந்த வேலையிலிருந்து கை கழுவிக்கொள்ளும். சில தாய்கள் ஐந்தாறு வாரம் வரைக்கும்கூட விடாது. முதல் ஈற்றுக்காரி கொஞ்சம் அதிகப்படியாகச் செய்தால் ஆச்சரியமில்லை. தடுக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். மாமியாரிடம், "அது பிள்ளைக்குக் கால் கழுவி விடுது அத்தை" என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

தாயின் வேலையில் தலையிட்டு நானே ஒரு தடவை கெடுத்துக்கொண்டேன். குட்டி போட்டு நாலாம் நாள், சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று படுக்கை இருந்த மூலையை ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக ஆறு குட்டியையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்துவிட்டது. ஃபினாயில் நெடி பிஞ்சுக் குட்டிக்கு ஆகாது. சாக்கையோ பழைய துணியையோ மாற்றி, சோப்புத் தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும்.

இனி குட்டிகள். ஐந்து வாரக் குட்டிக்கு வாய்தான் கை. செருப்பு, கொட்டாங்கச்சி, கருங்கல், உங்கள் புடவைத் தலைப்பு என்று கண்டதையெல்லாம் வாயில் போட்டுத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. அதில் ஆயும் ஒன்று. நமக்குத்தான் அது தனி வகை, அதற்கு வாசனையுள்ள இன்னொரு பொருள். பெரும்பாலான குட்டிகள் வளர வளரத் தாமாகவே விட்டுவிடும்.

ஆனால் சில சூழ்நிலை இந்தப் பழக்கத்தைத் தூக்கிவிடும். உங்கள் வீட்டில் ஐந்துக்கும் ஒரே தட்டா? அப்படியானால் இரண்டு முரட்டுக் குட்டிகள் வழித்துத் தின்றுவிட்டுப் போகும், நோஞ்சான் பசியோடு மோந்துகொண்டு அலையும். தட்டைப் பிரியுங்கள். இன்னொன்று, வெறும் பாலும் சோறும் கொடுப்பது. நாய்ப் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் சர்க்கரை அதிகம், கொழுப்பும் புரதமும் குறைவு. பால்குடி மறக்கும் வயதில் அதை நிறையக் கொடுத்தால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். அரைகுறையாகச் செரித்து வெளியே வருவதில் சாப்பாட்டு வாசனை அப்படியே இருக்கும், பிறகு அதை மோந்து பார்க்காமல் எப்படிப் போகும்? மசித்த சோற்றோடு வேகவைத்த கோழி, முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுங்கள். கடையில் விற்கும் குட்டித் தீனியை ஊறவைத்துக் கொடுத்தாலும் சரி. மூன்றாவது, அடைத்துப் போடுவது. நாலடிக் கூண்டில் நாள் முழுக்கக் கிடக்கும் குட்டிக்கு விளையாடக் கிடைப்பது அது ஒன்றுதான். நாய் விற்கும் கடைகளிலிருந்து வாங்கிவந்த குட்டிகள் இந்தப் பழக்கத்தோடு வருவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குடலில் நல்ல நுண்ணுயிர் குடியேறுவதற்காகத்தான் குட்டிகள் தின்கின்றன என்ற விளக்கத்தையும் கேட்டிருப்பீர்கள். யானைக்கன்று தாயின் சாணத்தைத் தின்பதும், குதிரைக்குட்டி அப்படிச் செய்வதும் உண்மை. முயல் தன் மென்புழுக்கையைத் தின்றால்தான் அதற்கு வைட்டமின் சரியாகச் சேரும். இவை எல்லாம் புல்லும் இலையும் தின்று, அதை நொதிக்கவைத்துப் பிழைப்பவை. நாயை அந்த வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. தாயின் முலையிலும் நாக்கிலும் கிடைக்காத நுண்ணுயிரா?

வளர்ந்த நாய்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் குட்டிகளில் ஒன்றாவது இதை விடாமல் இருக்கக்கூடும். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு பீ தின்னப் போகும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். சொன்னவர் மனிதர்களைத் திட்டத்தான் சொன்னார், ஆனாலும் நாய்களை நன்றாகக் கவனித்திருக்கிறார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியரும் அவர் குழுவும் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்பவர்களிடம் கேள்வி கேட்டு 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 16 நாய்கள் இதை வாடிக்கையாகச் செய்கின்றன, அதாவது வீட்டுக்காரர் ஆறு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறார். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சாப்பாட்டு வகைக்கும் சம்பந்தமில்லை. வெளியே போய் இருக்கப் பழக்கிய நாய், பழக்காத நாய் என்ற வித்தியாசமும் இல்லை. பறக்காவெட்டியாகத் தின்னும் நாய்களிடம் அதிகம் இருந்தது. அவை தின்றதும் பெரும்பாலும் புதுசு, இரண்டு நாளுக்கு மேல் பழசானதைத் தொடுவது குறைவு.

இந்த இரண்டு நாள் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. குடற்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்தவுடன் யாரையும் தொற்றாது. மண்ணில் கிடந்து, உள்ளே புழுவாகப் பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். அதற்கு நாள் பிடிக்கும். ஓநாய் பொதுவாகக் குகைக்கு வெளியே தள்ளிப் போய்த்தான் ஆய் இருக்கும். சீக்குப்பட்டதோ பிஞ்சோ வாசலிலேயே போட்டுவிட்டால், முட்டை பக்குவப்படும் முன்பே மற்றவை தின்று தீர்த்துவிடுவது குடும்பத்துக்கே காவல். அந்தப் பழைய காவல் புத்திதான் நாயிடம் மிச்சமிருக்கிறது என்பது ஹார்ட் குழுவின் ஊகம். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதுவரை நான் கேட்ட விளக்கங்களில் பொருத்தமானது இதுதான்.

மிளகாய்த்தூளுக்கு வருகிறேன். பப்பாளி கொடு, அன்னாசி கொடு, இந்தப் பொடியைச் சோற்றில் கலந்தால் மலம் கசக்கும், அதைத் தூவு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அதே ஆய்வில் கடையில் விற்கும் 11 தயாரிப்புகளைப் பற்றியும் கேட்டார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 0 முதல் 2 பேர். தண்டிப்பதும் இதே கதிதான். நீங்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தால், அவசரமாக விழுங்க வேண்டும் என்பதை மட்டும் நாய் கற்றுக்கொள்ளும். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாய் உங்கள் முன்னால் ஆய் இருக்கவே பயந்து, கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும்.

சத்துக் குறைவு என்பது முழுப் பொய்யும் இல்லை. தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாத தீனியைப் பீகிள் நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது அவை மலம் தின்னத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். கணையம் செரிமான நீரைச் சுரக்காத ஒரு நோய் உண்டு, ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் அதிகம். மலை மலையாகத் தின்னும், ஆனாலும் எலும்பு தெரியும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு நிறைய இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை தின்னும் நாய்க்கும் தாங்க முடியாத பசி வரும். அதனால் இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால், அதோடு மெலிந்தால், மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். குதித்து விளையாடும் ஐந்து வாரக் குட்டிகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டியது புழுவைத்தான். நாய் உருண்டைப்புழுவின் குஞ்சுகள் தாயின் சதையில் வருஷக்கணக்காகத் தூங்கும். சினையின் கடைசி மூன்று வாரத்தில் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். அதாவது குட்டி புழுவோடுதான் பிறக்கிறது, தாய் எவ்வளவு சுத்தமாக வளர்ந்திருந்தாலும். மூன்று நாலு வாரத்தில் அந்தப் புழுக்கள் பெரிதாகி முட்டையிடும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சத்துக்கு மேல் இடும். கொக்கிப்புழு பால் வழியாக வரும். ரத்தத்தைக் குடித்து, ஈறு வெளுத்து, இரண்டு மூன்று வாரத்திலேயே குட்டியைக் கொன்றுவிடக்கூடியது அது.

நாட்களைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். குட்டிகளின் மலத்தில் முட்டை வரத் தொடங்கும் அதே சமயத்தில்தான் தாய் சுத்தம் செய்வதைக் குறைக்கிறது. தாய் விட்ட இடத்தில் நீங்கள் தொடங்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த வைத்தியமும். குட்டிகள் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் ஆய் இருக்கும், கடிகாரம் மாதிரி. அந்த நேரத்தில் பழைய செய்தித்தாளோடும் கரண்டியோடும் பக்கத்தில் நில்லுங்கள். போட்டவுடன் அள்ளி, குழியில் புதைக்கவோ கழிவறையில் கொட்டவோ செய்யுங்கள். மறுநாள் மொத்தமாக அள்ளலாம் என்று விட்டால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும், ஒரு வாரத்தில் காலில் ஏறத் தயாராகிவிடும். தின்ன இல்லாவிட்டால் தின்னும் பழக்கமும் நின்றுவிடும். குட்டி மோந்து பார்க்கப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கோழியைக் கொடுங்கள். ஒரு வாரத்தில், ஆய் இருந்து முடித்ததும் உங்களிடம் ஓடிவரும்.

பூச்சி மருந்து இரண்டு, நாலு, ஆறு, எட்டு வாரத்தில் கொடுக்க வேண்டும், அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. இதுவரை கொடுக்கவில்லையென்றால் நாளைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எடை பார்த்துத்தான் அளவு, மெடிக்கல் ஷாப்பில் குத்துமதிப்பாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். குட்டிகளின் கழிவோடு முதிராத புழுக்களையும் விழுங்கியிருக்கும், அவை அதன் வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கும். அப்படியே பார்வோ என்ற உயிர்க்கொல்லிப் பேதி நோய்க்கான தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள், ஆறு எட்டு வாரத்தில் தொடங்குவார்கள். பார்வோ கிருமிக்குப் புழு முட்டை மாதிரி பக்குவப்பட நாள் வேண்டாம், மலத்தில் வந்த நிமிஷமே தொற்றும். தடுப்பூசி முடியும் வரை தெருநாய் போட்டதைக் குட்டி மோந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு பேதி, வாந்தி, துவண்டு படுப்பது என்றால் அன்றைக்கே போங்கள், காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கடைசியாக உங்கள் மகன். குட்டி முகத்தை நக்குவதைவிட அவன் உட்கார்ந்து விளையாடும் மண்தான் எனக்குப் பயம். உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும், ஆனால் அதன் பிறகு வருஷக்கணக்கில் சாகாது. மண்ணோடு குழந்தையின் வாய்க்குள் போனால் புழுக்குஞ்சு ஈரலுக்கும் அரிதாகக் கண்ணுக்கும்கூடப் போகும். கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறி, தோலுக்கு அடியில் கோடு கோடாக அரிக்கும். சிலோன் பெயரையே தாங்கிய ஒரு கொக்கிப்புழு இனம் நாய் குடலில் மட்டுமல்ல, மனிதக் குடலிலும் குடியேறிவிடும். முன்பெல்லாம் கிராமத்தில் குழந்தை வெளிக்கு இருந்தால் "தோ, தோ" என்று நாயைக் கூப்பிட்டுவிடுவார்கள். கென்யாவின் துர்க்கானா மக்களிடமும் குழந்தையை நாய் நக்கிச் சுத்தம் செய்யவிடும் வழக்கம் இருந்தது. நாய் நாடாப்புழுவால் மனித ஈரலில் நீர்க்கட்டி வளரும் நோய் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் புழு நாய்க்கு வருவது ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரலைத் தின்பதால். கறிக்கடைக் கழிவை வேகவைக்காமல் உங்கள் நாய்க்குப் போடாதீர்கள்.

மகன் விளையாடட்டும். குட்டிகள் இருக்கும் மூலையை அவன் விளையாடும் இடத்திலிருந்து ஒரு பலகை வைத்துப் பிரித்துவிடுங்கள், காலில் செருப்பு போட்டு விடுங்கள், நகத்தை வெட்டி விடுங்கள், சாப்பிட உட்காரும் முன் சோப்பு போட்டுக் கையைக் கழுவி விடுங்கள். ஆய் தின்ற வாயோடு அவன் முகத்துக்கு வரும் குட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள். இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்து முடித்த பிறகும் குட்டிகள் தின்பது குறையவில்லை என்றால், எத்தனை தடவை என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.